தேர்தல் ஜோஸ்யமும் தேர்தல் கணக்கும்

(மாட்டுங்காவில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிளைச் செயலாளர் போன மாதம் எனக்குப் போன் செய்து, "ஸார், அடுத்த தேர்தலில் எந்தக் கட்சிக்கு ஸீட் கூடும், எதற்குக் குறையும் என்று நம் அங்கத்தினர்களுக்கு நீங்கள் வந்து சொல்ல வேண்டும். எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள்" என்றார். நான் ஜோஸ்யர் இல்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவன். எங்கள் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. அறுபது வயதான பத்தாயிரம் பேரில் வருகிற வருஷம் எத்தனை பேர் பகவான் திருவடி சேருவார்கள் என்று ஓரளவு சரியாகவே சொல்லிவிடுவோம். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்த மாமா அந்தக் கணக்கில் உண்டா என்று கேட்டால் கையை விரித்துவிடுவோம். (சிரிப்பு.) தேர்தல் கணிப்பும் அந்த ரகம்தான். மொத்த ஓட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லலாம். எந்த ஸீட் யாருக்கு என்பது அதைவிடப் பல மடங்கு கஷ்டமான காரியம்.

செயலாளர் இன்னொன்றும் சொன்னார். "ஜெயிக்கப் போகிறவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால், சங்கத்தின் பேரில் அவருக்கே ஆதரவு என்று ஒரு அறிக்கை கொடுத்துவிடலாம், பிற்பாடு ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் சௌகரியமாக இருக்கும்" என்று சில அங்கத்தினர்கள் அபிப்ராயப்படுகிறார்களாம். அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். என்னிடம் கட்சி இல்லை, காகிதமும் பென்சிலும்தான் இருக்கின்றன.

ஓட்டு வேறு, ஸீட் வேறு

முதலில் நம் சொந்த ஊர்க் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1967-ஆம் வருஷம், அப்போது சென்னை ராஜ்யம் என்று பெயர். ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் அண்ணாதுரையின் தி.மு.க.வும் மற்றும் சில கட்சிகளும் சேர்ந்து காங்கிரஸை எதிர்த்தன. முடிவு எல்லோருக்கும் தெரியும். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. ஆனால் ஓட்டுக் கணக்கை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? காங்கிரஸ் வாங்கியது 41.1 சதவீதம். தி.மு.க. வாங்கியது 40.7 சதவீதம். அதிக ஓட்டு வாங்கிய காங்கிரஸுக்கு 51 ஸீட்; சற்றே குறைவாக வாங்கிய தி.மு.க.வுக்கு 137 ஸீட்!

இதில் மாயம் ஒன்றுமில்லை. காங்கிரஸ் அநேகமாக எல்லாத் தொகுதியிலும் நின்றது. தி.மு.க. 174 தொகுதிகளில்தான் நின்றது. மீதியைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக் கொடுத்தது. தான் நின்ற இடத்தில் எதிர்ப்பு ஓட்டு முழுவதும் தன் பெட்டியில் விழும்படி ஏற்பாடு செய்துகொண்டது. அதற்கு முந்தைய தேர்தல்களில் காங்கிரஸை வேண்டாமென்றவர்களின் ஓட்டு நாலு பெட்டியில் சிதறும், 1967-இல் சிதறவில்லை. ராஜாஜி செய்த பெரிய அரசியல் காரியம் ஒரு கூட்டல் கணக்கு என்று கூடச் சொல்லலாம்.

பின்னாளில் டேவிட் பட்லர், அசோக் லாஹிரி, பிரணாய் ராய் ஆகியோர் இதையே ஒரு சூத்திரமாக ஆக்கினார்கள். எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்து வாங்கிய ஓட்டில், அவற்றுள் பெரிய கட்சிக்குப் போனது நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பது. அந்த எண் நூறுக்குக் கிட்டே போனால் எதிர்ப்பு ஒற்றுமையாக இருக்கிறது. ஐம்பதுக்கு இறங்கினால் சிதறிக் கிடக்கிறது. ஓட்டு ஒரு சதவீதம் கூட மாறாமல், இந்த எண் மட்டும் மாறினாலே ஸீட் தலைகீழாகும். ஆகவே "மக்கள் மனசு மாறிவிட்டதா?" என்று கேட்பதற்கு முன்னால், "யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் பிரிந்தார்கள்?" என்று கேட்க வேண்டும்.

இன்னொரு உதாரணம் சமீபத்தில் நடந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் மகாராஷ்டிராவின் 48 தொகுதிகளில் மஹா விகாஸ் அகாடிக்கு 30, மஹாயுதிக்கு 17, ஒன்று சுயேச்சைக்கு. இந்த முப்பதையும் பதினேழையும் பார்த்தால் ஏதோ பெரிய அலை அடித்தது போல இருக்கிறது. இரண்டு அணிகளின் மொத்த ஓட்டுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. அதே வருஷம் அக்டோபரில் ஹரியானாவில் பா.ஜ.க.வுக்கு 39.94 சதவீதம், காங்கிரஸுக்கு 39.09. ஸீட் 48-க்கு 37. வாக்குப் பதிவு முடிந்த அன்று சாயங்காலம் டெலிவிஷனில் வந்த கணிப்புகள் எல்லாம் காங்கிரஸுக்கே ஆட்சி என்று சொல்லிக்கொண்டிருந்தன.

அவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஆயிரம் பேரை நல்ல முறையில் பொறுக்கியெடுத்துக் கேட்டால், வருகிற விடையில் மேலே மூன்று, கீழே மூன்று சதவீதம் வரை தவறு இருக்கலாம் என்பது புள்ளியியலின் பாலபாடம். பதினைந்தாயிரம் பேரைக் கேட்டாலும் முக்கால், ஒரு சதவீதத் தடுமாற்றம் நிற்கத்தான் நிற்கும். இரண்டு கட்சிக்கும் நடுவே இருப்பதே முக்கால் சதவீதம் என்றால் எந்தக் கெட்டிக்காரரால் பிரித்துச் சொல்ல முடியும்? இத்தனைக்கும், கேட்கப்பட்டவர் நிஜத்தைச் சொன்னார் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது. மாவு மில் வாசலில் முன்பின் தெரியாதவன் வந்து "யாருக்குப் போட்டேள் மாமி?" என்று கேட்டால், நம் மாமிகள் எத்தனை பேர் உள்ளது உள்ளபடி சொல்வார்கள்? (சிரிப்பு.)

நம்மைச் சுற்றியிருக்கும் ஆறு தொகுதிகள்

இப்போது நம் வாசலுக்கு வருவோம். மாட்டுங்கா என்ற பெயரில் ஒரு சட்டசபைத் தொகுதி இருந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். திருமதி சந்திரகாந்தா கோயல் மூன்று முறை ஜெயித்த தொகுதி. 2008 மறுசீரமைப்புக்குப் பின் அந்தப் பெயரில் தொகுதி இல்லை. இன்று சயான் கோலிவாடா, வடாலா, தாராவி, செம்பூர், அணுசக்தி நகர், மாஹிம் ஆகிய ஆறும் சேர்ந்ததுதான் மும்பை தென்மத்தி மக்களவைத் தொகுதி. மும்பைத் தமிழர் வாழ்க்கையின் பெரும் பகுதி இந்த ஆறுக்குள் அடங்கிவிடும்.

2024 மே 20-ஆம் தேதி இங்கே மக்களவைக்கு ஓட்டுப் போட்டோம். உத்தவ் தாக்கரே சிவசேனையின் அனில் தேசாய், ஷிண்டே சிவசேனையின் ராகுல் ஷெவாலேயை 53,000-க்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்கடித்தார். ஷெவாலே அதற்கு முன் இரண்டு முறை ஜெயித்தவர். சரியாக ஆறு மாதம் கழித்து, நவம்பர் 20-ஆம் தேதி, அதே ஜனங்கள், அநேகமாக அதே பள்ளிக்கூடங்களில் போய்ச் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆறில் நாலு ஸீட் மஹாயுதிக்குப் போயிற்று, இரண்டுதான் அகாடிக்கு. மாநிலம் முழுவதிலும் அகாடி 46-இல் நின்றது, மஹாயுதி 230-ஐ எட்டியது. மே மாத முடிவை வைத்து நவம்பரில் ஸீட் எண்ணியவர்கள் எல்லோரும் பென்சிலைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

நடுவில் என்ன நடந்தது? பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் கொடுக்கும் லாட்கி பஹின் திட்டம் வந்தது. மாநிலத்தில் வாக்குப் பதிவு 61 சதவீதத்திலிருந்து 66-க்கு ஏறியது. டில்லிக்கு யார் என்ற கேள்வி போய், நம் பேட்டைக்கு யார் என்ற கேள்வி வந்தது. இவை பொதுக் காரணங்கள். ஆனால் ஆறு தொகுதியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடம் சொல்கிறது.

சயான் கோலிவாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 என்று மூன்று முறை பா.ஜ.க. சார்பில் ஜெயித்தார். "தமிழர் தொகுதி, தமிழர் ஜெயித்தார், இதில் என்ன ஆச்சரியம்?" என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2014-இல் பா.ஜ.க.வும் சிவசேனையும் தனித்தனியாக நின்றன, காங்கிரஸும் தேசியவாத காங்கிரஸும் தனித்தனியாக நின்றன. ஓட்டு நாலாகப் பிரிந்ததில் சுமார் 41,000 ஓட்டே ஜெயிக்கப் போதுமானதாக இருந்தது. இரண்டாவதாக வந்த சிவசேனை வேட்பாளரைவிட நாலாயிரம்கூட அதிகமில்லை. 2019-இல் கூட்டணி சேர்ந்து நின்றபோது சுமார் 55,000. 2024-இல் நேருக்கு நேர் போட்டி. 73,000-க்கு மேல் வாங்கித்தான் ஜெயிக்க முடிந்தது. அந்தத் தடவை தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் வாங்கியது 65,000-க்கும் மேல். அதாவது, முந்தைய இரண்டு தேர்தல்களில் ஜெயித்தவர் வாங்கியதைவிட அதிகம்! ஒரே மனிதர், ஒரே சின்னம், ஒரே தொகுதி. மூன்று தடவையும் வேறு வேறு தேர்தல். ஆன்டாப் ஹில்லில் தமிழர் உண்டு. கோலிவாடாப் பக்கம் தேசப் பிரிவினையில் வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் உண்டு. மராத்தியர், வடநாட்டார், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு. தமிழ் ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே யாரும் ஜெயிக்க முடியாது.

வடாலாவில் காளிதாஸ் கோலம்ப்கர். 1990-இலிருந்து 2024 வரை ஒன்பது முறை எம்.எல்.ஏ. முதலில் சிவசேனை, பிறகு காங்கிரஸ், அதற்குப் பிறகு பா.ஜ.க. தொகுதியின் பெயர்கூட நாய்காவிலிருந்து வடாலாவாக மாறியது; அவர் மாறவில்லை. கட்சி அலையை மட்டும் அளந்து ஸீட் எண்ணுகிறவர்கள் இவரிடம் தோற்றுவிடுவார்கள். இங்கே ஓட்டு ஆளுக்கு விழுகிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் இதே மும்பையில் உண்டு. 1962-இல் வடக்கு பம்பாய்த் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற கிருஷ்ண மேனன், ஆச்சார்ய கிருபளானியைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார். நாடே அந்தத் தேர்தலைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1967-இல் காங்கிரஸ் டிக்கெட் மறுத்தது. மேனன் சுயேச்சையாக வடகிழக்கு பம்பாயில் நின்று எஸ்.ஜி. பார்வேயிடம் தோற்றார். பார்வே சீக்கிரமே காலமானதால் இடைத்தேர்தல் வந்தது. அதிலும் பார்வேயின் சகோதரி தாரா சப்ரேயிடம் தோற்றார். உலகப் பிரசித்தி ஒரு பக்கம், சின்னமும் அப்போது புதிதாகப் பிறந்திருந்த சிவசேனையின் எதிர்ப்பும் மறுபக்கம். 1962-இல் விழுந்த ஓட்டில் எத்தனை மேனனுக்கு, எத்தனை காங்கிரஸுக்கு என்பது 1967-இல்தான் தெரிந்தது. கணிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மாஹிமில் 2024-இல் மும்முனைப் போட்டி. உத்தவ் சேனையின் மகேஷ் சாவந்த், ஷிண்டே சேனையின் சதா சர்வண்கரை 1,316 ஓட்டில் ஜெயித்தார். மூன்றாவதாக வந்த அமித் தாக்கரே வாங்கியது 33,000. மூன்றாவது ஆள் யார் பாத்திரத்திலிருந்து எவ்வளவு மொண்டுகொண்டு போகிறார் என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது. செம்பூரில் இரண்டு சேனைகளும் நேருக்கு நேர். இரண்டு முறை ஜெயித்திருந்த பிரகாஷ் பாத்தர்பேக்கர், துக்காராம் காத்தேயிடம் தோற்றார். 'சிவசேனைக்குச் செம்பூரில் இவ்வளவு ஓட்டு' என்று பழைய கணக்கை வைத்திருந்தவர்கள், அந்த ஓட்டை எந்த சேனையின் பேரில் எழுதுவது என்று தெரியாமல் விழித்தார்கள். அணுசக்தி நகரில் நவாப் மாலிக்கின் மகள் சனா மாலிக் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தப்பினார்.

தாராவி மட்டும் தன் வழியே போயிற்று. 2004-இலிருந்து நாலு முறை வர்ஷா கெய்க்வாட் ஜெயித்த தொகுதி. அதற்கு முன் அவருடைய தகப்பனார் ஏக்நாத் கெய்க்வாட் இருந்த தொகுதி. 2014-இல் மோடி அலையிலும் அசையவில்லை. 2024-இல் மகாராஷ்டிரா முழுவதும் காங்கிரஸுக்குப் பதினாறே ஸீட் கிடைத்தபோதும், வர்ஷாவின் சகோதரி ஜோதி 23,000-க்கும் அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார். குடிசைப் புனரமைப்பில் தனக்கு வீடு கிடைக்குமா, கிடைத்தால் தாராவிக்குள்ளா, எங்கோ வெளியிலா என்பது அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஜீவாதாரமான கேள்வி. மற்ற பிரசாரம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஹாலுக்குள் எடுக்கும் கணிப்பு

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. இந்த ஹாலில் இருப்பவர்கள் அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று கையைத் தூக்கச் சொன்னால், பத்துக்கு எட்டுக் கை ஒரே பக்கம் தூக்கும் என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டாம். அந்த எட்டுக் கையையும் பார்த்து, "ஊரே அப்படித்தான் நினைக்கிறது" என்று நாம் வீட்டுக்குப் போவோம். பஜனை சமாஜ வாசலிலும், ஷண்முகானந்தாவில் கச்சேரி இடைவேளையிலும், செடா நகர் முருகன் கோயில் பிராகாரத்திலும் கேட்டால் அதே விடைதான் வரும். ஏனென்றால் மூன்று இடத்திலும் நாம்தான் இருக்கிறோம்!

1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பிரபல பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குக் கடுதாசி அனுப்பிக் கருத்துக் கேட்டது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதை எண்ணிப் பார்த்து, லாண்டன்தான் ஜனாதிபதி என்று போட்டது. கேலப் என்பவர் சுமார் ஐம்பதாயிரம் பேரைத்தான் கேட்டார், ரூஸ்வெல்ட் என்றார். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ ஜெயித்தார். பத்திரிகை இரண்டு வருஷத்தில் மூடப்பட்டது. அவர்கள் விலாசம் எடுத்த இடம் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியும் கார் வைத்திருப்போர் பட்டியலும். அந்தப் பஞ்ச காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? தவிர, சிரமப்பட்டுப் பதில் போட்டவர்கள் யார்? கோபமாக இருந்தவர்கள். இருபது லட்சம் பேர் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால், இரண்டு பேரைக் கேட்டதற்குச் சமம்.

நம் வாட்ஸ்அப் குழுக்களும் டெலிபோன் டைரக்டரிதான். மாட்டுங்காவிலிருந்து தாராவி நடந்து போகிற தூரம். அங்கே இருப்பவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள். அவர்களும் நாமும் ஒரே பாஷை. ஒரே ஓட்டு அல்ல. 'மும்பைத் தமிழ் ஓட்டு' என்று ஒன்று இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன, கட்சிகள் சென்னையிலிருந்து பேச்சாளர்களை இறக்குமதி செய்கின்றன. சயான் கோலிவாடாவையும் தாராவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்; அப்படி ஒன்று இல்லை என்று விளங்கிவிடும். நம்மைச் சேராத நாலு பேரிடம், காய்கறிக்காரரிடம், வாட்ச்மேனிடம், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம், அவர்கள் தொகுதியில் என்ன பேச்சு என்று காது கொடுத்துக் கேட்பது, நாற்பது வாட்ஸ்அப் செய்தியைவிட நல்ல கணிப்புச் சாதனம்.

இன்னும் நிச்சயமான சாதனம் ஒன்று உண்டு. அதை அதிகம் பேர் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் படிவம் 20 என்ற ஒரு அட்டவணை வரும். எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று முழுவதும் இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் தொகுதியின் கடைசி இரண்டு தேர்தல்களின் படிவம் 20-ஐ எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யார் சேர்ந்தார்கள், யார் பிரிந்தார்கள், மூன்றாவது ஆள் யார், வேட்பாளர் மாறினாரா, எந்தச் சாவடியில் கூட்டம் கூடியது, எதில் குறைந்தது என்று ஐந்து கேள்வி கேளுங்கள். பெங்களூரோ, ஹைதராபாதோ, சென்னையோ, கொல்கத்தாவோ, இதைப் படிக்கும் அங்கத்தினர் எந்த ஊரில் இருந்தாலும் இந்த ஐந்து கேள்வி பொருந்தும். டெலிவிஷனில் கத்துகிறவர்களைவிட உங்கள் தொகுதியைப் பற்றி நீங்கள் நன்றாகவே சொல்வீர்கள்.

வராத ஓட்டு

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் என்னை இரண்டு முறை தேர்தல் வேலைக்குப் போட்டார்கள். ஒரு தடவை செம்பூரில் நம்மவர்கள் நிறைய இருக்கும் பகுதியில் ஒரு சாவடி. காலை ஏழு மணிக்கே பெரியவர்கள் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒன்பதரை மணிக்கு மேல் ஈ ஓட்டினோம். இளைய தலைமுறை ஆபீஸ் லீவைச் சேர்த்துக்கொண்டு லோனாவாலா போயிருந்ததாக ஒரு பெரியவரே சொன்னார். அடுத்த தடவை கிடைத்தது குடிசைப் பகுதி. அங்கே நேரம் முடியும்போதும் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கடைசியில் நின்றவரிடமிருந்து ஆரம்பித்துச் சீட்டுக் கொடுத்து, எல்லோரும் போட்டு முடிக்கும் வரை காத்திருந்தோம். அன்றாடம் கூலி வாங்குகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். ஓட்டு யாருக்கு எவ்வளவு அவசியமோ, அவர்கள் வருகிறார்கள்.

2024 நவம்பரில் மாநிலம் 66 சதவீதம் போட்டபோது மும்பை நகரம் பாதியைச் சற்றே தாண்டியது. எந்தக் கணிப்பாளரும் அளக்க முடியாத எண் இதுதான். கருத்துக் கேட்டால் எல்லோரும் "போடுவேன்" என்றுதான் சொல்வார்கள். "அவர்தான் ஜெயிக்கப் போகிறாரே, நான் ஒருத்தன் போகாவிட்டால் என்ன?" என்று வீட்டில் இருந்துவிடுகிறவர், கணிப்பை நம்பியதாலேயே கணிப்பைப் பொய்யாக்குகிறார். 2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்கில் ரவீந்திர வாய்க்கர் ஜெயித்த வித்தியாசம் 48 ஓட்டு. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு எண்ணிய இடத்தில் நாற்பத்தெட்டு! நம் சொஸைட்டிக் கட்டடம் ஒன்றில் அத்தனை பேர் இருப்பார்கள்.

சங்கம் என்ன செய்யலாம்?

ஜெயிக்கிறவரைக் கண்டுபிடித்து ஆதரவு அறிக்கை கொடுக்கலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். முதலாவது, கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் இத்தனை நேரம் கணக்குச் சொன்னேன். இரண்டாவது, நம் வீட்டுக்குள்ளேயே தகப்பனார் ஒன்று, பிள்ளை ஒன்று, நாட்டுப்பெண் ஒன்று என்று போடுகிறோம். எல்லோருக்குமாகக் கையெழுத்துப் போட சங்கத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? மூன்றாவது, ஓட்டுக் கணக்குப் பார்க்கிற வேட்பாளருக்கு நம் எண்ணிக்கை நம்மைவிட நன்றாகத் தெரியும். அறிக்கையைப் பார்த்து அவர் பயப்படப் போவதில்லை. தோற்கிறவர் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

செய்யக்கூடியது வேறு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிந்து புனர்நிர்மாணத்துக்குப் போகின்றன. இரண்டு வருஷம் என்று சொல்லி வாடகை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நாலு வருஷம் ஆகிறது. வாடகைப் பணம் நடுவில் நின்றுவிடுகிறது. எழுபத்தைந்து வயசுத் தம்பதி முலுண்டிலும் டோம்பிவிலியிலும் மாடி ஏறி இறங்குகிறார்கள். இந்த ஹாலிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். எல்லா வேட்பாளரையும் ஒரே நாள் ஒரே மேடைக்குக் கூப்பிட்டு, இதற்கு என்ன செய்வீர்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்போம். விடையை எழுதி வைத்துப் பத்திரிகையில் போடுவோம். அடுத்த தேர்தலில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவோம். இது யார் ஜெயித்தாலும் பயன்படும்.

கூடவே இன்னொரு வேலை. வீடு மாறியவர்கள் பெயர் பட்டியலில் பழைய விலாசத்திலேயே இருக்கும், அல்லது நீக்கப்பட்டிருக்கும். தேர்தல் அறிவித்த பிறகு பதறிப் பிரயோஜனமில்லை. விலாசம் மாற்றப் படிவம் 8, புதிதாகச் சேரப் படிவம் 6. 85 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 12-டி கொடுத்தால் தேர்தல் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கொள்வார்கள். 2024-இல் இந்த வயது வரம்பு 80-லிருந்து 85-ஆக உயர்ந்தது. கிளைக்கு இரண்டு இளைஞர்கள் லாப்டாப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், எல்லா அங்கத்தினர் பெயரையும் சரிபார்த்துவிடலாம். இதற்குப் பேர் கொடுக்கிறவர்கள் காபிக்கு முன்னால் செயலாளரைப் பார்க்கவும்.

பிறகு நடந்த கேள்வி நேரத்திலிருந்து:

ஓர் அங்கத்தினர்: எனக்குத் தஞ்சாவூரிலும் ஓட்டு இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒருவர் பெயர் ஒரு இடத்துப் பட்டியலில்தான் இருக்கலாம் என்பது சட்டம். வருஷத்தில் எங்கே அதிகமாகக் குடியிருக்கிறீர்களோ அங்கே வைத்துக்கொண்டு, இன்னொன்றை நீங்களே எடுத்துவிடச் சொல்லுங்கள். பூர்வீகத்தின் மேல் பாசம் இருக்கலாம். அதற்குக் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போய் வாருங்கள்.

ஒரு மாமி: அப்படியானால் டெலிவிஷன் கணிப்புகளைப் பார்க்கவே வேண்டாமா?

தாராளமாகப் பாருங்கள். கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவு முடிந்து அரை மணி ஆகும் வரை சாவடி வாசல் கணிப்பை வெளியிடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதற்குள் நீங்கள் போட்டு முடித்திருப்பீர்கள். யார் என்ன சொன்னாலும் கெடுதல் இல்லை. பார்க்கும்போது ஸீட் எண்ணிக்கையைவிட ஓட்டுச் சதவீதத்தை எவ்வளவு என்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் டெலிவிஷனை அணைத்துவிட்டுத் தூங்கலாம்.

ஓர் இளைஞர்: இவ்வளவும் சொன்னீர்கள், அடுத்த தடவை நம் தொகுதியில் யார் என்று மட்டும் சொல்லவில்லையே?

வேட்பாளர் பட்டியல் வரட்டும். எத்தனை பேர் நிற்கிறார்கள், யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று தெரியட்டும். நீங்கள் படிவம் 20-ஐ எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். ஆனால் ஒரு நிபந்தனை. அன்றைக்கு லோனாவாலா போவதில்லை என்று இப்போதே சொல்ல வேண்டும். (சிரிப்பு, கைதட்டல்.)